மாமன் வச்ச பிளக்ஸ்

இந்தப் பைய நகத்த வேணாங்க்கா, அது இங்கனயே இருக்கட்டும். நீங்க கால இந்தப் பக்கம் நீட்டிக்கங்க. உள்ள பட்டுப்பாவாட இருக்கு, பழம் இருக்கு, மூணு கிலோ கறி இருக்கு. ஐஸ் வச்சுக் கட்டிருக்கேன், ஒழுகாது. நீங்க உடுமலையா? நானும் உடுமலதான் போறேன். எந்தத் தெரு? சும்மா கேட்டேன், இஷ்டமில்லன்னா விட்டுருங்க. இப்பல்லாம் பேரக் கேட்டாலே மொறைக்கிறாக. என் பேரு போதுராசு. ஆண்டிபட்டில கறிக்கட. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி யாரக் கேட்டாலும் கை காட்டுவாக. எங்கிட்ட ஒளிவு மறைவுங்குறதே கெடையாது.

தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கூடப் பொறந்தவ, நாகஜோதின்னு பேரு. அவ மக தன்ஷிகாவுக்கு அஞ்சு வயசு ஆகுது. எட்டு மாசமா ரெண்டு பேருகிட்டயும் ஒரு வார்த்த பேசல. எங்க இருக்கான்னு எனக்குச் சொல்லல. கூடப் பொறந்த அண்ணனுக்குச் சொல்லல. கேட்டா உங்களுக்கே கொதிக்கும். சொல்றேன், ரயிலு உடுமல போயிச் சேர்ற வரைக்கும் பொழுது போகணும்ல.

அவ புருசன் பேரு தெய்வேந்திரன். போடிக்காரன். ஏலக்கா மூட்ட ஏத்துற வண்டி ரெண்டு ஓடுது. மாப்பிள்ள பாத்தது நான்தான். ஆளு வாட்டசாட்டமா இருப்பான். பெரியவுகளக் கண்டா துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிருவான், அம்புட்டு மருவாத. அவனுக்கு ஒரே ஒரு நோயி, சந்தேகம். அவ போன அவந்தான் வச்சிருப்பான். எல்லாரும் சாப்புட ஒக்காந்தா அவளுக்கு வந்ததையெல்லாம் சத்தமா வாசிப்பான். சிநேகிதக்காரி எழுதுனது, டாக்டரம்மா அனுப்புனது, பொம்பளைங்க தங்களுக்குள்ள பேசிக்கிறது, அம்புட்டையும் மாமனார் மாமியா கேக்குற மாதிரி வாசிப்பான். வாசிச்சு முடிச்சதும் அடி. தட்டு கழுவுற நேரம் கூடக் குடுக்க மாட்டான்.

மொதத் தடவ வந்தப்ப முன்பல்லு ரெண்டு இல்ல. வாயில துணிய வச்சுக்கிட்டு கடைக்கு முன்னாடி வந்து நின்னா. ஞாயித்துக்கெழம, கடையில கூட்டம். அடிக்கிற கைதான் அணைக்கும் ஆத்தா, போ, நான் வந்து பேசுறேன்னு சொல்லி அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டேன். நான் மட்டுமா, ஊருல எவனா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான்.

ரெண்டாந் தடவ, அயர்ன்பாக்ஸ சூடு பண்ணிப் பாதத்துல வச்சிருக்கான். தோலு உரிஞ்சு செருப்புல ஒட்டிக்கிருச்சு. ஒரு வாரம் வீட்டுல வச்சிருந்து நானே கொண்டு போயி விட்டேன். சும்மா விட்டுட்டு வரல. அவனத் தெருவுல நிப்பாட்டி, நாலு பேரு பாக்க, செவுட்டுல ரெண்டு வச்சேன். மூக்குல ரத்தம் வந்துருச்சு. பெறகு அவன் அந்த ரெண்டுக்கும் சேத்து அவள அடிச்சான்னு அவ ஒரு நாளு சொன்னா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நான் அடிச்சது அவனத்தான.

மூணாந் தடவ அவ எங்கிட்ட வரவே இல்ல. நேராத் தேனில ஒரு வக்கீலம்மாகிட்டப் போயிட்டா. அண்ணன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது. எனக்கு அப்பவே மனசு விட்டுப் போச்சு, இருந்தாலும் வெளிய காட்டிக்கல. விவாகரத்துக்குப் போட்டாச்சு, கேசு நடக்குதுன்னு ஆளு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த வக்கீலம்மா போட்ட சட்டதிட்டம் இருக்கே, நீங்க சிரிப்பீங்க. பழைய போன அணைச்சுத் தன் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. தபாலு எதுவா இருந்தாலும் வக்கீல் ஆபீசுக்குத்தான் வரணும். போட்டோ எடுக்கக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, புள்ள படிக்கிற பள்ளிக்கூடம் யாருக்கும் தெரியக் கூடாது. கேசு முடியுற வரைக்கும் அவ இருக்குற ஊரு அண்ணனுக்கு மட்டும் தெரியலாம்னு, அதுவும் நாகஜோதி கெஞ்சிக் கேட்டு வாங்குன அனுமதியாம். எனக்கு அனுமதி குடுக்க அவ யாருன்னேன். ஒட்டஞ்சத்திரத்துல காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம்புல இருந்தா. மார்க்கெட்டுல எடை பாக்குற எடத்துல வேல. நான் போயிப் பாக்கணும்னா ஒரே பஸ்ஸுல போகக் கூடாது, திண்டுக்கல்ல எறங்கி வேற பஸ்ஸு மாறணும். திருடனாட்டம் போயி மருமகளுக்கு முறுக்கு குடுத்துட்டு வருவேன். எனக்கு எம்புட்டு அசிங்கம், சொல்லுங்க.

அதுக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். காதுகுத்துலதான் வந்துச்சு வென.

புள்ளைக்கு அஞ்சு வயசு ஆறதுக்குள்ள காது குத்தணும். குத்துனா மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். பெத்த அப்பன் இல்லாட்டியும் காரியம் நடக்கும், மாமன் இல்லாம நடக்காது. அது உங்களுக்குத் தெரியாததா. நாகஜோதி என்ன சொன்னா? அண்ணே, இங்கன சின்னக் கோயிலு ஒண்ணு இருக்கு, நீ, மதினி, பூசாரி, ஆசாரி, நாங்க ரெண்டு பேரு, ஆறு பேரு போதும், காலையில குத்திட்டு இட்லி சாப்புட்டுக் கலைஞ்சுருவோம், யாருக்கும் சொல்லிராதண்ணே. கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. நானும் சரின்னேன்.

சரின்னுட்டு வந்துட்டேன், மனசு கேக்குதா? எங்க ஊருல போன வருசம் ஒருத்தன் அக்கா மகளுக்குக் காது குத்துனான். பழைய இரும்புக்கட வச்சிருக்குற பய. இருபதடி பிளக்ஸு, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு யான மேல வர்ற மாதிரி. நான் ஆறு பேர வச்சுக் குத்துனா ஊரு என்ன பேசும்? கறிக்கட போதுராசு தங்கச்சி வாழாவெட்டியாம், காதுகுத்த ஒளிஞ்சு மறைஞ்சு நடத்துறானாம்னு பேசும். ஊரு வாய மூட உலமூடி இல்லன்னு சும்மாவா சொன்னாக. தப்புப் பண்ணவன் அவன். ஒளியிறது என் தங்கச்சியா?

மண்டபம் புடிச்சேன். ஒட்டஞ்சத்திரத்துலயே, அவளுக்குத் தூரமா இருக்கக் கூடாதுல்ல. ஊருல இருந்து நாலு வேனு ஆளுக. பெறகு பிளக்ஸு. அதுல நான் எம்புட்டு சூதானமா இருந்தேன்னு கேளுங்க. நாகஜோதி படம் போடல. அவ பேரும் போடல. அந்த அறிவு எனக்கு இருக்கு. என் படம், புள்ள படம், 'மாமன் மடியில் மகாராணிக்குக் காதணி விழா'ன்னு ஒரு வரி, கீழ மண்டபத்துப் பேரு, தேதி, நேரம். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இல்ல.

என் வீட்டுக்காரி சுருளீஸ்வரி மட்டும் கேட்டா. ஏங்க, ஒட்டஞ்சத்திரம்னு போட்டா அவளே அங்கதான் இருக்கான்னு தெரிஞ்சுராதான்னு. காரியத்துக்குக் கெளம்பும்போது அபசகுனமா வாயத் தொறந்தா கோவம் வராதா? ஒண்ணு வச்சேன். ஒதடு வீங்கிருச்சு. காதுகுத்துக்கு வந்த வேனுல முந்தானைய வாயில வச்சுக்கிட்டே வந்தா. அவ ஒரு மாதிரி, எல்லாத்தையும் மனசுல வச்சுக்குவா.

இந்தா, ஒட்டஞ்சத்திரம் வந்துருச்சு. எறங்குற ஆளுக எறங்கட்டும். அந்தா அங்கிட்டு ஒரு தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பின்னாடிதான் மண்டபம். நல்ல மண்டபம். பாத்திரமெல்லாம் பளபளன்னு வச்சிருந்தாக.

அன்னைக்கு நாகஜோதிக்கு ஆட்டோ அனுப்பித்தான் கூட்டியாரச் சொன்னேன். கோயிலுக்குத்தான் போறோம்னு நெனச்சு வந்திருக்கா. வாசல்ல எறங்குனவ பிளக்ஸப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. மொகத்துல ரத்தமே இல்ல. அண்ணே, இத எடுத்துருன்னா. வேற எங்கயாவது வச்சியான்னா. ஆண்டிபட்டில ஒண்ணு, அம்புட்டுத்தான்னு சொன்னேன். நான் போறேண்ணே, புள்ளையக் குடுன்னா. இருநூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காக. மேளக்காரன் வாசிக்க ஆரம்பிச்சுட்டான். நான் அவ கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தேன். வளையலு ரெண்டு ஒடைஞ்சு மணிக்கட்டுல கிழிச்சிருச்சு. காரியம் நல்லபடியா முடியணும்ல, அதுக்காகத்தான்.

புள்ள என் மடியில ஒக்காந்துச்சு. மொட்ட அடிச்சு, சந்தனம் பூசி, மால போட்டு. வெல்லக் கட்டிய வாயில குடுத்தேன், சப்பிக்கிட்டே இருந்துச்சு. வலது காது குத்தியாச்சு. அழுதுச்சு, நான் கண்ணத் தொடச்சு விட்டேன். ஆசாரி எடது காதப் புடிச்சு ஊசிய எறக்குறாரு. அப்பத்தான் அவன் வந்தான்.

எப்படி வந்தான் தெரியுமா? தாம்பாளத்தோட வந்தான். வாழப்பழம், தேங்கா, மேல ஒரு சிவப்புத் துணி. வாசல்ல நின்னது என் சித்தப்பா மகன். தாம்பாளம் தூக்கிட்டு வந்தா சீர்க்காரன்தான, ஆளு யாருன்னு கூடப் பாக்காம பன்னீரத் தெளிச்சு, சந்தனத்தக் குடுத்து, வாங்க மாமான்னு உள்ள அனுப்பிட்டான். நெத்தியில சந்தனத்தோட வந்தான் அந்தப் பய. மேடைக்குக் கீழ வந்து துணிய எடுத்தான். அடியில அருவா.

நான் கறி வெட்டுறவன்க்கா. இருவது வருசமா வெட்டுறேன். வெட்டு எங்க விழுகும்னு கை ஓங்கும்போதே தெரியும். அது என் கழுத்துக்கு வந்துச்சு. மடியில புள்ள இருக்கு, நான் எந்திரிக்க முடியல. நாகஜோதி பக்கவாட்டுல இருந்து கையக் குடுத்துட்டா. எடது கை. சத்தமே பெருசா இல்ல, வெண்டைக்கா நறுக்குற மாதிரிதான் கேட்டுச்சு. ரெண்டு வெரலு பாயில கெடந்துச்சு. மோதிரவெரலும் சுண்டுவெரலும். அவ கத்தவே இல்ல. கையப் பாத்தா, பெறகு புள்ளையப் பாத்தா.

ரெண்டாவது வெட்டு அவளுக்குத் தோளுல எறங்குச்சு. மூணாவது ஓங்குறதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன். புள்ளைய எறக்கி விட்டுட்டு எந்திரிச்சேன். எறக்கி விட்டேனா, தள்ளி விட்டேனா, அது இப்ப ஞாவகம் இல்ல. ஊசி காதுல பாதி எறங்கி நின்னுச்சு, ஆசாரி கையில கம்பி. புள்ள கீழ விழுந்ததுல காது சோணை ரெண்டாக் கிழிஞ்சு போச்சு.

அதுக்குப் பெறகு நான் மனுசனா இல்லக்கா. குத்துவிளக்கத் தூக்கிட்டேன். ஆளு உசரம், பித்தள. மொத அடியில அருவா தெறிச்சுப் போச்சு. ரெண்டாவது அடி முட்டியில. அவன் விழுந்துட்டான். விழுந்தவன மூஞ்சியில அடிச்சேன். எண்ணெயும் ரத்தமும் கலந்து தரையெல்லாம் வழுக்குது, நான் வழுக்கி விழுந்து எந்திரிச்சு எந்திரிச்சு அடிக்கிறேன். தாட எலும்பு நொறுங்குறது கையில தெரியும். போதும்டா, போதும்டான்னு எல்லாரும் கத்துறாக. எனக்குக் காதுல எதுவும் ஏறல. என் தங்கச்சி பல்லுக்கு ஒண்ணு, பாதத்துக்கு ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். அவன் அம்மான்னு கத்துனான். அதக் கேக்க எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சுன்னு நான் பொய் சொல்லப் போறதில்ல.

கால் மணி நேரம் இருக்கும். நான் நிமுந்து பாக்கும்போது நாகஜோதி அங்க இல்ல. சமையக்காரர் ஒருத்தரு, பேரு கூடத் தெரியாது, தன் தலத்துண்ட அவுத்து அவ கையக் கட்டி, ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, போற வண்டிய மறிச்சு ஏத்திருக்காரு. வாசல்ல எங்க வேனு நாலு நின்னுச்சு. டிரைவருக பூராம் சாப்புடப் போயிட்டாக. என் வண்டி முன்னாடியே நின்னுச்சு, சாவி என் சட்டப் பையில. சாவி எங்க, சாவி எங்கன்னு சுருளீஸ்வரி என் காலப் புடிச்சுக் கேட்டாளாம். கேட்டிருப்பா. கையில வேல இருக்கும்போது வந்து கேட்டா எப்படி விழும்? வெரல யாரும் எடுக்கல. சீக்கிரமா, வெரலையும் எடுத்துட்டு வந்திருந்தா ஒட்ட வச்சிருக்கலாம்னு டாக்டரு சொன்னாராம். டாக்டருக அப்படித்தான் சொல்லுவாக.

என்ன, தண்ணி வேணுமா? என் பாட்டில்ல இருக்கு. வேணாமா. சரி.

ஆண்டிபட்டில வச்ச பிளக்ஸு போடிக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேக்குறீங்க. நீங்களும் போலீசு மாதிரியே கேக்குறீங்களே. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க என்ன சாட்சியா சொல்லப் போறீங்க. போடிலயும் ஒண்ணு வச்சேன். அவன் தெரு முக்குல, டீக்கடைக்கு எதுத்தாப்ல, அவன் காலையில டீ குடிக்க நிக்கிற எடத்துக்கு நேரா. பின்ன, அவன் பாக்க வேணாமா? உன் மகளுக்கு நீ இல்லாமலே காது குத்துறேன்டா, நல்லாப் பாருடான்னுதான் வச்சேன். பாத்து வயிறெரியணும். அதுக்குத்தான் வச்சேனே தவிர, அவன் வருவான்னா வச்சேன்? மானம் இருக்குறவனா இருந்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருப்பான். அவன் மானங்கெட்டவன்னு நான் என்ன கண்டேன்.

என்னையும் புடிச்சு உள்ள போட்டாக. இருவத்தி ரெண்டு நாளு. அவனுக்குத் தாடையில தகடு வச்சு, முட்டிக்கு ஆபரேசன் பண்ணி, அவனையும் உள்ள போட்டாக. நான் வெளிய வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஆளு இல்ல. டிச்சார்ஜு ஆகிப் போயி நாலு நாளாச்சுங்குறாக. ஒட்டஞ்சத்திரம் ரூம்புல வேற குடும்பம் இருக்கு. போன் நம்பரு மாறிப்போச்சு. வக்கீலம்மா ஆபீசுக்குப் போனேன். உள்ளயே விடல. குமாஸ்தா வந்து ஒரு காகிதத்தக் கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

கோர்ட்டுல குடுத்த மனுவோட நகலு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன், தமிழு நல்லா வாசிப்பேன். மனுதாரரும் கொழந்தையும் குடியிருக்குற எடத்தையோ, கொழந்த படிக்கிற பள்ளியையோ, போன் நம்பரையோ கீழ்க்கண்டவங்களுக்குத் தெரியப்படுத்தக் கூடாது, அவங்க மனுதாரரத் தேடியோ பின்தொடர்ந்தோ வரக் கூடாதுன்னு உத்தரவு கேட்டிருக்கு. ஒண்ணாவது தெய்வேந்திரன் பேரு. ரெண்டாவது என் பேரு. அப்பா பேரு, வயசு, கறிக்கட விலாசம், எல்லாம் சுத்தமா எழுதிருக்கு. ஒரே தாளுல, அவனுக்குக் கீழ என் பேர எழுதிருக்காக. கீழ நாகஜோதி கையெழுத்து.

அவ எழுதலக்கா. அது வக்கீலம்மா வேல. பொம்பள வெவரம் தெரியாம கையெழுத்துப் போட்டிருப்பா. வெட்டு வாங்குன வலியில எதுல போடுறோம்னு தெரிஞ்சா போட்டிருப்பா? அவளுக்காக ஒருத்தனக் கொல்லப் போன அண்ணன் நான். ஜட்ஜு உத்தரவும் போட்டுட்டாரு. அதையெல்லாம் பாத்தா ஒறவு நிக்குமா? தானாடாட்டியும் தன் சத ஆடும்ல.

தேடுனேன். ஆறு மாசம் கட ஒழுங்காத் தொறக்கல. பெறகு ஒரு யோசன வந்துச்சு. புள்ள ஒட்டஞ்சத்திரத்துல படிச்ச பள்ளிக்கூடத்துக்கே போனேன், முறுக்கு குடுக்கப் போனப்பவே அதோட சட்டையில பேரப் பாத்து வச்சிருந்தேன். ஆபீசு ரூம்புல ஒரு பெரியவரு, நல்ல மனுசன். அய்யா, நான் தாய்மாமன், மருமகளுக்குப் பொறந்தநாளு, எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்காகன்னு மறந்துட்டேன்னேன். தாய்மாமன்னு சொன்னதுதான் தாமதம், கம்ப்யூட்டரு பொட்டிய எம்பக்கமே திருப்பிக் காட்டிட்டாரு. உடுமலைல பள்ளிக்கூடத்துப் பேரு, எந்த வகுப்புன்னு எல்லாம் இருக்கு. அந்த உத்தரவு, மனு, எல்லாத்துக்கும் மேல தாய்மாமன்ங்குற சொல்லுக்கு மருவாத இருக்கு பாத்தீங்களா.

போன வாரம் வந்தேன். பள்ளிக்கூட வாசல்ல ஒரு மரத்தடியில நின்னேன். மூணு மணிக்குப் புள்ள வந்துச்சு. வளந்துருச்சு. முடிய இழுத்து எடது காத மறைச்சு விட்டிருந்தாக. என்னப் பாத்துச்சு. பாத்ததும் ஆட்டோவுக்குள்ள சீட்டுக்கு அடியில குனிஞ்சுக்கிருச்சு. மாமன மறந்து போச்சு போல, கூச்சப்படுது. ஆட்டோ பின்னாடியே போனேன். தளி ரோட்டுல இருந்து பிரியுற சந்து, மாவு மில்லுக்கு அடுத்து பச்சக் கேட்டு, மாடி வீடு. நாகஜோதி எறங்கி வந்து புள்ளையத் தூக்குனா. கையில துப்பட்டாவச் சுத்திருந்தா. எனக்கு அழுக வந்துருச்சு. அன்னைக்கே போயிருப்பேன், வெறுங்கையோட போக மனசு வரல. சந்துக்கு எதுத்த டீக்கடையில நின்னு நாலு நாளு பாத்தேன், எப்பப் போவா, எப்ப வருவான்னு. ஞாயித்துக்கெழம வீட்டுல இருக்கா. அதான் இன்னைக்கு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? பையவா? அது கறிக்கத்திக்கா. கறி எலும்போட இருக்கு, அவ வீட்டுல நல்ல கத்தி இருக்காது, ஒரு கை வேற சரியில்ல. நானே அரிஞ்சு குடுத்துட்டு வரலாம்னு எடுத்தேன். தொழில்காரன் கத்தி இல்லாமப் போவானா?

விசயம் என்னன்னா, காது பாதியில நிக்குது. ஒரு காது குத்தி ஒரு காது கிழிஞ்சு கெடந்தா அந்தப் புள்ளைக்கு நாளைக்கு எவன் வருவான்? கிழிஞ்ச எடத்துக்கு மேல தள்ளிக் குத்திரலாம்னு ஆசாரி சொல்றாரு. உடுமலைல ஒரு ஆசாரிகிட்டப் பேசி, அட்ரஸக் குடுத்து, பதினோரு மணிக்கு வீட்டுக்கே வரச் சொல்லிருக்கேன். இந்தத் தடவ மண்டபமும் இல்ல, மேளமும் இல்ல, அவ கேட்ட மாதிரியே வீட்டோட. மாமன் மடியில ஒக்கார வச்சு அந்த ஒரு காதக் குத்திட்டேன்னா என் பேரு மறுபடி மாமன்னு ஆயிரும். அந்தத் தாளுல என்ன இருந்தா என்ன.

ஒரே ஒரு சிக்கலு. கதவுல ஒரு ஓட்ட வச்சிருக்கா, பாத்துட்டுத்தான் தொறக்குறா. என்னப் பாத்தா தொறக்க மாட்டா. அதான் உங்களக் கேக்குறேன். நீங்க பொம்பளையாளு, மொகமும் சாந்தமா இருக்கு. நீங்க கதவத் தட்டுங்க. யாருன்னு கேட்டா, மாவு மில்லுல இருந்து வர்றேன்னு சொல்லுங்க. தொறந்ததும் நீங்க ஒதுங்கிக்கங்க. நான் பக்கத்துல செவத்தோட நின்னுக்குவேன், மத்தத நான் பாத்துக்குறேன்.

தொறக்கலன்னாவா? ஒடச்சுக்கிட்டுப் போவேன். என்னக்கா பேசுறீங்க. என் தங்கச்சி வீட்டுக் கதவு. அவனுக்கு உரிம இல்ல. எனக்கு இருக்கு.

அவள பயமுறுத்திராதீகன்னு நீங்க சொல்றீங்க. நான் ஏன் பயமுறுத்தப் போறேன், சீரு கொண்டு போறேன். வேணும்னா இந்தா பாருங்க, திண்டுக்கல் ரயிலு டேசன்ல வச்சே ஸ்டேட்டஸ் போட்டுட்டேன். பட்டுப்பாவாட, தோடு, டிக்கெட்டு, மூணையும் பெஞ்சுல பரப்பி எடுத்தது. 'எட்டு மாசம் கழிச்சுத் தாய்மாமன் சீர் கெளம்பிருச்சு'ன்னு எழுதிருக்கேன். ஊரு பேரு எழுதல, அந்த அறிவு எனக்கு இருக்கு. டிக்கெட்டுல இருக்கா? எங்க? ஆமா, இருக்கு. சின்ன எழுத்துதான, எவன் அத பெருசு பண்ணிப் பாக்கப் போறான்.

நூத்திப் பன்னெண்டு பேரு பாத்திருக்காக. சுருளீஸ்வரி, சித்தப்பா மகன், இரும்புக்கடக்காரன். இந்தா இருக்கான் பாருங்க, தெய்வேந்திரன். எட்டு அம்பதுக்குப் பாத்திருக்கான். ஜாமீன்ல வந்து ஒரு மாசம் ஆச்சு, காலு கொஞ்சம் இழுக்குதாம், வண்டியெல்லாம் ஓட்டுறானாம். அவன் நம்பர எதுக்கு வச்சிருக்கேனா? நான் அழிச்சுட்டா அவன் எப்படிப் பாப்பான்? பாக்கட்டும்க்கா. அண்ணங்காரன் விட்டுட்டான், இவ அநாதையாத்தான் கெடக்குறான்னு நெனச்சிரக் கூடாதுல்ல. வந்தா வரட்டும், நான்தான் அங்க இருப்பேன்ல.

அட, வாசல் இந்தப் பக்கம், அங்க ஏன் போறீங்க. உடுமல வந்துருச்சு. பைய நான் எடுத்துக்குறேன், நீங்க கதவ மட்டும் தட்டுங்க, போதும்.